ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு வில்லை: வீல் ஸ்பேசரின் கணக்கு

வீல் ஸ்பேசர் போடலாமா என்று யாரிடம் கேட்டாலும் இரண்டே பதில்தான் வரும். "பேரிங் போயிடும், கிட்டயே போகாதே" என்பார் ஒருவர். "பல வருஷமா போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஸ்பேசர் போட்டதும் வண்டியில் நடப்பது இரண்டு. ஒன்று, சக்கரம் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. இன்னொன்று, இதுவரை ஹப்பும் (சக்கரத்தை மாட்டுகிற, சுழலும் நடுப்பகுதி) ரிம்மும் நேருக்கு நேராக ஒட்டியிருந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு உலோகத் துண்டு வந்து உட்காருகிறது.

முதலாவது மாற்றத்தை ஸ்பேசரே இல்லாமல் ஆஃப்செட் குறைந்த ரிம் ஒன்றை வாங்கி மாட்டியும் கொண்டுவரலாம். நல்லது கெட்டது எல்லாம் அச்சுப் பிசகாமல் அப்படியே வரும். இரண்டாவதுதான் ஸ்பேசருக்கே சொந்தமான தலைவலி. பேரிங்கை (ஹப் சுழல இடம் கொடுத்துத் தாங்கும் பாகம்) நினைத்துப் பயப்படுகிறவர்கள் முதலாவதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போன கதைகள் பிறப்பது இரண்டாவதில்.

சரி, ஆஃப்செட்டில் இருந்து ஆரம்பிப்போம். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற ஒரு கோட்டை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பில் போய் ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். ரிம்மிலேயே 'இடி 45' (ET 45) என்பது போலப் பொறித்திருக்கும் (வாயில் நுழையாத ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது). 20 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 45 என்பது 25 ஆனது போலச் சக்கரம் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 20 என்றால், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையிலான அகலம் 40 கூடுகிறது. விளம்பரத்தில் போடுகிற எண் சில சமயம் ஒரு துண்டின் தடிமனாக இருக்கும், சில சமயம் ஜோடியின் கூட்டுத்தொகையாக இருக்கும், அதனால் வாங்கும் முன் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

எதற்காகப் போடுகிறோம் என்பதும் முக்கியம். பெரிய பிரேக் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாட்டியதில் ரிம்மின் ஆரக்கால் அதன் மேல் இடிக்கிறது. அகலமான டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசுகிறது. ஆசைப்பட்டு வாங்கிய ரிம்மின் ஆஃப்செட் தேவைக்கு மேல் இருக்கிறது. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஃபெண்டருக்குள் (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடு) ஒடுங்கிக் கிடக்கிற சக்கரம் விளிம்போடு விளிம்பாக நின்றால் வண்டி பார்க்க நன்றாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான், அதைச் சொல்ல மட்டும் ஏனோ எல்லாருக்கும் கூச்சம். போர்ஷே நிறுவனமே தன் 911 கார்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசரை நீளமான போல்ட்டுகளோடு சேர்த்து விற்றிருக்கிறது. ஆக, ஸ்பேசர் என்றாலே தில்லுமுல்லு என்று ஒதுக்கிவிட முடியாது.

எத்தனை மி.மீ. வேண்டும் என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து ஒரு நூலில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் மிக வெளியே துருத்தும் இடத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். கிடைப்பது உச்ச வரம்பு. அந்த வரம்பு முழுவதையும் ஸ்பேசருக்குக் கொடுத்துவிட்டால், நாலு பேரும் பெட்டியும் ஏறிய நாளில் பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டரின் உள் மடிப்பில் போய் உரசும். முன்சக்கரத்துக்கு இன்னும் ஒரு சோதனை உண்டு: ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயரின் முன் விளிம்பும் பின் விளிம்பும் பம்பரையோ உள் பிளாஸ்டிக்கையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரம் வெளியே போகப் போக, ஒடிக்கும்போது அது சுற்றுகிற வட்டமும் பெரிதாகிறது, அதனால் நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரிந்த இடம் திருப்பத்தில் காணாமல் போய்விடும்.

இனி பேரிங் விஷயம். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 4000 நியூட்டன் விசை. அதை 20 மி.மீ. வெளியே தள்ளினால் பேரிங்கின் மேல் கூடுதலாக விழும் நெம்பு 80 நியூட்டன் மீட்டர். அதே சக்கரம் ஒரு வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயரின் அடியில் பக்கவாட்டில் 3500 நியூட்டன் அழுத்துகிறது என்றால், டயரின் ஆரம் 30 செ.மீ. என்று பார்த்தாலும் அந்த நெம்பு 1000-ஐத் தாண்டிவிடும். பேரிங் அந்தப் பெரிய அடிக்குத் தாங்கும்படிதான் செய்யப்பட்டது, ஆகவே 80 கூடியதால் நாளைக்கே உடைந்து விழாது. ஆனால் வளைவு சில நொடிகளில் முடிந்துவிடும், அந்த 80 மட்டும் வண்டி நேராக ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடவே வரும். அதனால் ஆயுள் குறையும் என்பது உண்மை. அதோடு, இடி 25 ரிம்மை ஸ்பேசர் இல்லாமல் மாட்டினாலும் இதே 80 வரும் என்பதை ஸ்பேசரைத் திட்டுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

பேரிங்கைவிட ஓட்டுபவர் முதலில் உணரக்கூடியது ஸ்டியரிங்கில்தான். முன்சக்கரம் திரும்புவது ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றி. அந்த அச்சைத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர்கள் மி.மீ. கணக்கில் யோசித்து வைத்திருக்கிறார்கள். பல முன்சக்கர இழுவைக் கார்களில் அந்த அச்சு டயரின் நடுவுக்குச் சற்று வெளியே தரையைத் தொடும். ஒரு பக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கம் காய்ந்த சாலையிலும் இருக்கும்போது பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும், அந்த இழுப்பைச் சக்கரம் தானே எதிர்த்துத் திரும்பிச் சரிக்கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். 1972-இல் வந்த ஆடி 80 இந்த ஏற்பாட்டுக்குப் பேர் போனது. அந்தத் தூரம் 10 மி.மீ. உள்ள வண்டியில் 20 மி.மீ. ஸ்பேசரைப் போட்டால் கணக்கு மறுபக்கம் 10 ஆகிவிடும், உதவி செய்துகொண்டிருந்தது இழுப்போடு சேர்ந்துகொள்ளும். குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறும், சாலையின் பள்ளக் கோடுகளின் பின்னால் வண்டி ஓடப் பார்க்கும். பின்சக்கரத்தில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் பின்னால் தாராளமாகவும் முன்னால் கஞ்சத்தனமாகவும் இருப்பது என் பழக்கம். கேம்பர், டோ என்கிற சக்கரத்தின் சாய்வு, திசைக் கோணங்கள் ஸ்பேசரால் மாறுவதில்லை, எனவே "ஸ்பேசர் போட்டாச்சு, அலைன்மென்ட் கட்டாயம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வரலாம்.

இதுவரை சொன்னது முதல் மூட்டை. இரண்டாவது மூட்டைக்குள் போகும் முன், சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது எது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஆணியில் சட்டம் தொங்குவது போல ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரை போட்ட கம்பி) சக்கரம் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நட்டை முறுக்கும்போது ஸ்டட் இம்மி அளவு நீள்கிறது, நீண்ட ஸ்பிரிங் போல ரிம்மை ஹப்போடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அந்த இழுப்பு சுமார் 4 டன். ஐந்து ஸ்டட்டுக்கு 20 டன். இந்த அழுத்தத்தில் இரண்டு உலோக முகங்களும் வழுக்காமல் உராய்வினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. வண்டியின் எடை, பிரேக், இழுவை எல்லாவற்றையும் தாங்குவது அந்த உராய்வு. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். அந்த இழுப்பு தளர்ந்துவிட்டால் ரிம் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும், வளைந்து நிமிர்ந்த கம்பி எப்படி முறியுமோ அப்படித்தான் அதுவும் முறியும்.

ஸ்பேசர் போட்டால் இப்படி ஒட்டிக்கொள்ள வேண்டிய முகங்கள் ஒரு ஜோடியாக இருந்தது இரண்டு ஜோடி ஆகிறது. நடுவில் துரு, பெயிண்ட், மண் எது இருந்தாலும் ஓட ஓட அது நசுங்கும். ஸ்டட்டின் நீட்சி மொத்தமே மி.மீ.-இல் சிறு பங்குதான் என்பதால், அந்த நசுங்கல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இழுப்பில் பெரிய துண்டை விழுங்கிவிடும். ஸ்பேசர் பொருத்துவதில் சொல்லப்படுகிற அத்தனை விதிகளும், சுத்தம் செய், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) பிடி, 100 கி.மீ. கழித்து மறுபடி பார் என்பதெல்லாம், இந்த ஒரே காரணத்தில் இருந்து வருபவைதான்.

வகைகள் இரண்டு. துளை மட்டும் உள்ள தட்டையான வில்லை ஒன்று: ஏற்கெனவே இருக்கிற ஸ்டட்டில் நுழைத்து, அதன் மேலேயே ரிம்மை மாட்டுவது. இன்னொன்று தானே ஸ்டட் வைத்திருக்கும் தடிமனான துண்டு: முதலில் அதை ஹப்பில் நட் போட்டு இறுக்கி, பிறகு ரிம்மை அதன் ஸ்டட்டில் மாட்டுவது. எதை வாங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்வதைவிடத் தடிமன்தான் முடிவு செய்கிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே மாட்டியிருக்கிறேன்.

ஹப்பின் நடுவில் வட்டமாக முன்னே துருத்திக்கொண்டு ஒரு வளையம் இருக்கும். ரிம்மின் நடுத்துளை அதன் மேல் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் மையத்தில் நிற்கும். இதன் உயரம் பெரும்பாலும் 10 மி.மீ.-ஐ ஒட்டியே இருக்கும். 3 அல்லது 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் வளையத்தில் மிச்சம் கொஞ்சம் வெளியே நிற்கும், ரிம் அதைப் பிடித்துக்கொள்ளும். 15 மி.மீ.-க்கு மேல் போனால் ஸ்பேசரிலேயே அதே அளவில் இன்னொரு வளையத்தைக் கடைந்து வைத்துவிட முடியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் ஆகாத இடம். நான் வாங்கியது 10 மி.மீ. தட்டை வில்லை, என் வண்டியின் வளையம் 9 மி.மீ. மாட்டியபோது எல்லாம் கச்சிதமாகத்தான் தெரிந்தது. 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்ததும் டயர் கடைக்குப் போனேன், பேலன்ஸ் பார்த்தார்கள், நடுக்கம் போகவில்லை, மறுபடி பேலன்ஸ் பார்த்தார்கள், இரண்டாவது முறையும் காசு வாங்கிக்கொண்டு "ரோடு சரியில்லை சார்" என்று அனுப்பிவைத்தார்கள். வீட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் ரிம்மின் நடுத்துளை எதன் மேலும் உட்காராமல் காற்றில் நின்றது தெரிந்தது. நட்டுகளின் கூம்பு முனை மட்டுமே அதை மையத்தில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கூம்பு நட் அந்த வேலையை ஓரளவு செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சக்கரத்தைக் காற்றில் தூக்கிய நிலையில், ஐந்து நட்டையும் ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் செய்யும்.

வாங்கும்போது சரிபார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. ஸ்டட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, முதலாவது: 4×100, 5×112, 5×114.3, 6×139.7 என்று பலவிதம் (முன்னால் இருப்பது ஸ்டட்டுகளின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது மி.மீ.-இல் விட்டம்). 112-க்கும் 114.3-க்கும் இரண்டு மி.மீ. சொச்சம்தானே, அழுத்தினால் போய்விடும் என்று நினைத்தால் ஸ்டட் வளைந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும். இரண்டாவது நடுத்துளையின் விட்டம். ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் 57.1, பல பிஎம்டபிள்யூ-க்களில் 72.6, டொயோட்டா கார்கள் பலவற்றில் 60.1 அல்லது 54.1. தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் அலங்காரத்துக்கு இல்லை, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளுக்கும் பொருந்தும் என்று நீளத் துளைகளாக வெட்டி விற்கும் வில்லைகளை நான் தொடுவதில்லை. அந்தத் துளைகள் தின்றது போக மிச்சமிருக்கும் உலோகத்தில்தான் அந்த 20 டன் உட்கார வேண்டும். உலோகம் 6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் நல்லது. வெறும் 'அலாய்' என்றிருந்தால் அது வார்ப்பாகக்கூட இருக்கலாம். ஒன்று போதவில்லை என்று இரண்டு வில்லைகளை அடுக்குவது வேண்டவே வேண்டாம்.

தட்டை வில்லைக்குப் போனால் அடுத்த கேள்வி மரை. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு ஆழத்துக்கு நட் மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 12 மி.மீ. ஸ்டட்டில் மரைக்கு மரை 1.5 மி.மீ. என்றால் 8 முழுச் சுற்று, 1.25 என்றால் ஏறக்குறைய 10. ஸ்பேசர் இல்லாமல் 9 சுற்று ஏறிக்கொண்டிருந்த இடத்தில் 5 மி.மீ. வில்லையை நுழைத்தால் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும், மிச்சம் ஆறுகூட வராது. "5 எம்.எம். தானே, ஸ்டட் மாத்தணுமா" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: கையால் நட்டைத் திருகிச் சுற்றை எண்ணிப் பாருங்கள், குறைந்தால் நீளமான ஸ்டட் போடுங்கள். போல்ட் வைத்த வண்டிகளில் (ஸ்டட்டும் நட்டும் இல்லாமல் போல்ட்டையே நேராக ஹப்பில் திருகுபவை) வேலை சுலபம். 28 மி.மீ. மரை நீளத்தில் போல்ட் இருந்து 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் புது போல்ட் 43 இருக்க வேண்டும். நீளம் கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு கூடும் என்று 50-ஐ வாங்கிவிடாதீர்கள், அதன் நுனி ஹப்பின் பின்னால் எட்டிப் பார்த்து ஹேண்ட் பிரேக் பாகங்களில் இடிக்கும். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். புது போல்ட்டின் தலையடி பழையது மாதிரியே இருக்க வேண்டும்: கூம்புக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை. உருண்டைக் குழியில் கூம்பை வைத்தால் ஒரு கோடு மட்டும்தான் தொடும், இறுகிய மாதிரி தெரியும், கொஞ்ச தூரத்தில் தளர்ந்துவிடும்.

தானே ஸ்டட் வைத்த ஸ்பேசரில் வேறு சிக்கல். வண்டியின் பழைய ஸ்டட்டுகள் 28 மி.மீ. வெளியே நின்று, ஸ்பேசர் 20 மி.மீ. என்றால், அவை ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி 8 மி.மீ. எட்டிப் பார்க்கும். ரிம்மின் பின்முகத்தில் அந்த இடங்களில் குழி இருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் ரிம் அந்த முனைகளின் மேல் உட்காரும், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் முகத்தோடு முகம் ஒட்டாது. ஸ்டட்டை அறுத்துவிடுவதும் ஒரு வழிதான், ஆனால் ஒருமுறை அறுத்துவிட்டால் அப்புறம் ஸ்பேசர் இல்லாமல் ரிம்மை நேராக மாட்ட மரை போதாது. ஸ்பேசரையும் ஹப்பையும் சேர்க்கிற நட்டுகளும் ஸ்பேசரின் குழிக்குள் முழுசாக மறைந்திருக்க வேண்டும். ஒரு ஸ்கேலை முகத்தின் குறுக்கே வைத்து நகர்த்திப் பார்த்தால் போதும்.

பொருத்துவதில் பாதி நேரம் சுத்தம் செய்வதற்கே போகும், போக வேண்டும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் மின்னும் வரை தேய்த்துத் துடையுங்கள். ஹப் முகத்தின் விட்டம் 14 செ.மீ., டயரின் விட்டம் 60 செ.மீ.-க்கு மேல், அங்கே ஓரத்தில் 0.2 மி.மீ. துரு செதில் ஒட்டியிருந்தால் டயரின் விளிம்பில் அது நான்கு மடங்குக்கு மேல் பெரிதாகி ஆடும். தொழிற்சாலையில் டிஸ்க் விழாமல் இருக்க ஸ்டட்டில் போட்ட மெல்லிய கிளிப்புகள் இருந்தால் பிடுங்கி எறியுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை முகத்துக்கு மேலே நின்றாலும் ஸ்பேசர் சாய்ந்துதான் உட்காரும். ஒட்டுகிற முகங்களில் கிரீஸ் கூடவே கூடாது, உராய்வுதான் நம் மூலதனம் என்று சொன்னோமே. நடு வளையத்தின் மேல் மட்டும் துரு பிடிக்காத பசையை லேசாகத் தடவலாம், அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்வதை அது தடுக்கும். ஸ்டட் மரையில் எண்ணெய் விட்டால் அதே முறுக்குக்கு இழுப்பு அதிகமாகிவிடும், அதனால் மரை காய்ந்தே இருக்கட்டும்.

இறுக்குவது எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், மூன்று தவணையாக. ஸ்பேசரை ஹப்பில் இறுக்கும்போது ஹப் சுற்றும், எனவே உள்ளே ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால் நல்லது. கடைசித் தவணை டார்க் ரெஞ்சில்தான், ஸ்பேசர் செய்தவர் சொன்ன அளவுக்கு. இம்பாக்ட் கன்னை (நட்டை வேகமாக முறுக்கும் இயந்திரம்) டர்ரென்று ஒரு அடி அடித்துவிட்டுப் போகிற வேலை இங்கே உதவாது. ஒரு நட்டில் 80, பக்கத்து நட்டில் 180 என்று நின்றால் அந்த 20 டன் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

50-லிருந்து 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச். தட்டை வில்லையில் இது ஐந்து நிமிஷ வேலை. ஸ்டட் வைத்த ஸ்பேசரில் வெளியே தெரியும் நட்டுகள் ரிம்முடையவை, தளரக்கூடிய இன்னொரு கூட்டம் ரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால்தான் அதைத் தொட முடியும். பலரும் வெளி நட்டை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். பஞ்சருக்கோ டயர் மாற்றவோ வேறு ஆளிடம் வண்டியை விடும்போது உள்ளே ஸ்பேசர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவர் கழற்றிய சமயத்திலேயே உள் நட்டையும் பார்க்கச் சொல்லலாம். போல்ட் வண்டி என்றால் பழைய போல்ட்டுகளை ஸ்டெப்னியோடு போட்டு வையுங்கள். ஸ்பேசரை எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்ட வேண்டி வந்தால் நீளமானவை உள்ளே போய் இடிக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் சான்றோடு வந்த ஸ்பேசரைப் பரிசோதனையில் காட்டிப் பதிந்துகொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிகள் தொழிற்சாலையில் இருந்தே வராத ஸ்பேசரை ஏற்பதில்லை. உங்கள் ஊரில் என்ன விதி என்பதோடு, இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா என்பதையும் மாட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. நட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி கோடு போட்டிருந்தால் அங்கே ஏதோ அசைகிறது. மெதுவாகத் திரும்பும்போது டிக் டிக் சத்தம், முன்பு இல்லாத நடுக்கம், கழற்றினால் வட்டமாக இல்லாமல் நீளமாகிப்போன துளை, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த ஸ்பேசரை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டாம், ஸ்டட்டுகளோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே வளைந்து நிமிர்ந்த ஸ்டட் எத்தனை சுற்று மிச்சம் வைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.